ஓசி கச்சேரிக்கு யார் காசு கொடுக்கிறாங்க?

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் இங்கே தந்திருக்கிறோம்.)

இன்னிக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பத்திப் பேசப்போறோம். சாப்பாட்டைப் பத்தி இல்ல. அந்த ஒரு மணி நேர இடைவேளையில லண்டன்ல நடக்கிற ஒரு விஷயத்தைப் பத்தி.

வேலை நாள்ல, மதியம் ஒரு மணி வாக்குல, லண்டனோட ஆபீஸ் ஏரியாக்கள்ல நடந்தீங்கன்னா, ஏதாவது ஒரு பழைய சர்ச் வாசல்ல ஒரு போர்டு நிக்கும். இன்னிக்கு மதியம் பியானோ கச்சேரி, அனுமதி இலவசம்னு போட்டிருக்கும். உள்ள போகலாம். டிக்கெட் கேக்க மாட்டாங்க, பேர் கேக்க மாட்டாங்க, என்ன டிரெஸ் போட்டிருக்கீங்கன்னு பாக்க மாட்டாங்க. முன்னாடி ஒரு பெரிய கறுப்பு பியானோ இருக்கும். பெரும்பாலும் 20லிருந்து 30 வயசுக்குள்ள ஒருத்தர் வந்து, தலை குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு உக்காருவாங்க. ஒரு 45 நிமிஷம் வாசிப்பாங்க. முடிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க ஆபீஸுக்குத் திரும்பிடுவாங்க.

நான் லண்டன்ல வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவை இந்தக் கச்சேரிகளுக்குப் போவேன். வெஸ்டர்ன் கிளாசிக்கல் நான் படிச்சதில்ல, எனக்கு பியானோ வாசிக்கத் தெரியாது. அதனால இந்த எபிசோட் ஒரு விமர்சகர் பேசுறது இல்ல. ஒரு ரசிகர் இன்னொரு ரசிகர்கிட்ட பேசுறது, அவ்வளவுதான்.

எனக்கு இதுல ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஏன் மதியம்? கச்சேரின்னா சாயங்காலம்தானே? ரெண்டாவது, ஏன் இலவசம்? இலவசம்னா, அந்தக் காசை யார் கொடுக்கிறாங்க? முதல் கேள்விக்கான பதில் ஒரு யுத்தத்துல இருக்கு. ரெண்டாவது கொஞ்சம் சங்கடமான கேள்வி. வரிசையா போவோம்.

விளக்கு அணைஞ்ச ஊர்

1939 செப்டம்பர் 3. பிரிட்டன் ஜெர்மனிமேல போர் அறிவிச்ச நாள். லண்டன்மேல உடனே குண்டு விழும்னு எல்லாரும் பயந்தாங்க. கூட்டம் கூடுற இடத்துல குண்டு விழுந்தா என்ன ஆகும்? அதனால சினிமா தியேட்டர், நாடகக் கொட்டகை, கச்சேரி அரங்கம் எல்லாத்தையும் மூடச் சொல்லி அரசாங்க உத்தரவு. ராத்திரியில தெருவிளக்கு எரியாது. வீட்டு ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டணும். சாயங்காலம் ஆனா ஊரே இருட்டு. வெளியில போறதே கஷ்டம்.

இதுல அடி வாங்கினது ரெண்டு கூட்டம். பாட்டு கேக்கிற ஜனங்க ஒரு பக்கம். வாசிச்சுப் பொழைக்கிற கலைஞர்கள் இன்னொரு பக்கம். ஒரே வாரத்துல அவங்களுக்கு வேலையே இல்லாமப் போச்சு.

அப்போ மைரா ஹெஸ்னு ஒரு பியானோ கலைஞர் இருந்தாங்க. 1890ல லண்டன்லயே பிறந்தவங்க. ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்ல படிச்சவங்க. போர் வந்தப்போ அவங்களுக்கு 49 வயசு, நல்ல புகழ். பாக் எழுதின ஒரு சர்ச் இசையை பியானோவுக்கு மாத்தி எழுதியிருக்காங்க, 'ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசையரிங்'னு. பேர் தெரியலைன்னாலும் அந்த மெட்டை நீங்க எங்கயாவது கேட்டிருப்பீங்க. கல்யாண வீடியோல, விளம்பரத்துல, லிஃப்ட்லகூட ஓடும்.

டிராஃபல்கர் சதுக்கத்துல நேஷனல் கேலரின்னு பெரிய ஓவியக் கூடம் இருக்கு. குண்டுக்குப் பயந்து அங்க இருந்த ஓவியங்களை எல்லாம் லண்டனுக்கு வெளியே, முக்கியமா வேல்ஸ் பக்கம், அனுப்பிட்டாங்க. சுவர் மொத்தமும் காலி. மைரா ஹெஸ் அந்தக் கேலரியோட டைரக்டர் கென்னத் கிளார்க்கிட்ட போய், இங்க எப்பவாவது ஒரு கச்சேரி வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. அவர் திருப்பிக் கேட்டாராம், எப்பவாவது எதுக்கு, தினமும் வெச்சா என்னன்னு.

எந்த நேரத்துல வைக்கிறது? ராத்திரி முடியாது, இருட்டு. காலையில எல்லாரும் வேலையில இருப்பாங்க. அப்போ மிச்சம் இருக்கிறது மதியச் சாப்பாட்டு நேரம்தான். ஒரு மணி. இதுதான் நம்ம முதல் கேள்விக்குப் பதில். மதியம் பியானோ கேக்கிறது அதுக்கு முன்னாடியே அங்கங்க நடந்திருக்கலாம். ஆனா அது ஒரு ஊரோட பழக்கமா ஆனது ராத்திரி விளக்கு எரியாததால.

1939 அக்டோபர் 10ஆம் தேதி முதல் கச்சேரி. வாசிச்சது மைரா ஹெஸ்ஸேதான். யாராவது 50 பேர் வந்தா பெரிசுன்னு நினைச்சிருந்தாங்க. வந்தது ஆயிரம் பேர் அளவுக்கு. அன்னிக்கு ஆரம்பிச்சது 1946 ஏப்ரல் 10 வரைக்கும், வாரத்துல அஞ்சு நாள், ஆறரை வருஷம் நடந்தது. மொத்தம் 1,698 கச்சேரி. கேட்டவங்க 8,24,152 பேர். வகுத்துப் பாத்தா, ஒரு மதியத்துக்குச் சராசரியா 485 பேர். 1940ல லண்டன்மேல ராத்திரி ராத்திரியா குண்டு விழுந்தப்போ கேலரி கட்டடமும் தப்பல. கச்சேரியை அடித்தளத்துக்கு இறக்கினாங்க, ஆனா நிறுத்தல. கேன்டீன்ல தேனும் உலர்திராட்சையும் வெச்ச சாண்ட்விச் விப்பாங்களாம். கச்சேரி அளவுக்கு அதுக்கும் பேர். போர் யார்கூட? ஜெர்மனிகூட. ஆனா அந்தக் கூடத்துல அதிகமா ஒலிச்சது பாக், பீத்தோவன், பிராம்ஸ்னு ஜெர்மன் மொழிக்காரங்களோட இசைதான். குண்டு போடுறவங்க வேற, பீத்தோவன் வேறன்னு கேக்க வந்த ஜனங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருந்தது.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கச்சேரிகள் இலவசம் இல்ல. டிக்கெட் ஒரு ஷில்லிங். யார் வேணும்னாலும் கொடுக்கக்கூடிய தொகையா இருக்கணும்னு அந்த விலை. வாசிக்க வந்த கலைஞருக்கு 5 கினி. பெரிய பேர் வாங்கினவரா இருந்தாலும் சரி, முதல் தடவையா மேடை ஏறுற பையனா இருந்தாலும் சரி, அதே 5 கினி. மைரா ஹெஸ் மட்டும் தனக்குன்னு எதுவும் வாங்கிக்கல. மிச்சப் பணம் கஷ்டத்துல இருக்கிற இசைக் கலைஞர்களுக்கான நிதிக்குப் போச்சு.

5 கினின்னா அந்தக் காலக் கணக்குல 5 பவுண்டு 5 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக 105 ஷில்லிங். அதாவது 105 பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தா, ஒரு கலைஞரோட கூலி வந்துடும். இந்த 105ங்கிற எண்ணைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

அதே பழக்கம், வேற கணக்கு

போர் முடிஞ்சது, விளக்கு எரிஞ்சது, சாயங்காலக் கச்சேரி திரும்பி வந்தது. ஆனா மதியக் கச்சேரி போகல. நேஷனல் கேலரிக்குப் பக்கத்துலயே இருக்கிற செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் சர்ச், பிக்காடிலியில செயின்ட் ஜேம்ஸ் சர்ச்னு லண்டன்ல நிறைய இடத்துல மதியக் கச்சேரிக்குன்னு ஒரு பாரம்பரியமே இருக்கு. ஆம்ஸ்டர்டாம்ல கான்செர்ட்கெபௌங்கிற புகழ்பெற்ற அரங்கத்துல புதன்கிழமை மதியம் இலவசமா கேக்கலாம். சிகாகோல 1977லிருந்து ஒரு இலவச மதியக் கச்சேரித் தொடர் நடக்குது. அதுக்கு வெச்சிருக்கிற பேரே மைரா ஹெஸ் நினைவுக் கச்சேரி. அங்க வாசிக்கிறவங்க எல்லாம் இப்பதான் வெளிய வர்ற இளம் கலைஞர்கள். ரேடியோலயும் நேரடியா ஒலிபரப்பாகும்.

பழக்கம் அதேதான். மதியம், சின்னக் கச்சேரி, யார் வேணும்னாலும் வரலாம். ஆனா பல இடங்கள்ல ஒரு ஷில்லிங் இப்ப சைபர் ஆயிடுச்சு. அப்போ 5 கினி என்ன ஆச்சு?

அதுக்குப் போறதுக்கு முன்னாடி, நான் போன ஒரு கச்சேரியைச் சொல்றேன். இதுவரைக்கும் போகாதவங்களுக்கு உள்ள என்ன நடக்கும்னு ஒரு ஐடியா கிடைக்கும்.

45 நிமிஷம்

இது போன மார்ச் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. லண்டன் சிட்டியில ஒரு சர்ச். எந்த சர்ச்னு சொல்லப்போறதில்ல. காரணம் பின்னாடி புரியும். வாசிச்சவங்களுக்கு 23 வயசு. மியூசிக் காலேஜ்ல மேற்படிப்பு படிக்கிறாங்க. தன் பேர் வேணாம், ஆனா பேசினதைச் சொல்லிக்கலாம்னு அவங்களே சொன்னாங்க.

வந்திருந்தது 60 பேர் இருக்கும். பாதிக்கு மேல ரிட்டையர் ஆனவங்க. இவங்கதான் இந்தக் கச்சேரிகளோட முதுகெலும்பு, எந்த சர்ச்ல எந்த நாள்னு மனப்பாடமா வெச்சிருப்பாங்க. கழுத்துல ஐடி கார்டு தொங்குற ஆபீஸ் ஆளுங்க ஒரு இருபது பேர். மழைக்கு ஒதுங்கின டூரிஸ்ட் ரெண்டு பேர். பின் வரிசையில மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு கட்டட வேலைக்காரர், ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு.

இந்த மாதிரி தனி ஆள் கச்சேரிக்கு 'ரிசைட்டல்'னு பேர். அந்தச் சொல்லை பியானோ கச்சேரிக்கு முதல்ல விளம்பரத்துல போட்டதே லண்டன்லதான், 1840ல லிஸ்ட் வாசிச்சப்போ. ரிசைட்னா ஒப்பிக்கிறது. பியானோல எப்படிய்யா ஒப்பிப்பீங்கன்னு அப்போ ஜனங்க குழம்பிப் போனாங்களாம்.

முதல்ல வாசிச்சது ஹைடனோட ஈ ஃபிளாட் சொனாட்டா. 1794ல ஹைடன் லண்டன்ல தங்கியிருந்தப்போ, தெரேசா யான்சன்னு ஒரு பியானோ கலைஞருக்காக எழுதினது. ஹைடனோட கடைசி பியானோ சொனாட்டாவும் இதுதான். சொனாட்டான்னா பெரிசா பயப்பட வேணாம். வேற வேற வேகத்துல மூணு நாலு பகுதி, எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படி. ஒவ்வொரு பகுதிக்கும் மூவ்மென்ட்னு பேர்.

முதல் மூவ்மென்ட் முடிஞ்சதும் மஞ்சள் ஜாக்கெட் அண்ணன் பட்பட்னு கை தட்டினார். வேற யாரும் தட்டல. முன் வரிசையில ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க. அவர் கையை மடியில வெச்சுக்கிட்டார். இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துறேன். ஏன்னா இந்தக் கை தட்டுற பயம்தான் நிறையப் பேரை உள்ளயே வர விடாமப் பண்ணுது. உருப்படி முழுசா முடிஞ்ச பிறகுதான் தட்டணும்ங்கிறது இப்ப இருக்கிற வழக்கம், அவ்வளவுதான். 1778ல மோட்சார்ட் பாரிஸ்லயிருந்து அவங்க அப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதினார். தன்னோட சிம்பனியில ஒரு இடம் வந்ததும், இசை ஓடிக்கிட்டிருக்கும்போதே ஜனங்க கை தட்டினாங்கன்னு அதுல சந்தோஷமா எழுதியிருக்கார். அந்த இடத்துல தட்டுவாங்கன்னு தெரிஞ்சேதான் அவர் அதை அமைச்சதும். மஞ்சள் ஜாக்கெட் அண்ணன் மோட்சார்ட் கட்சி. அன்னிக்கு பியானோல இருந்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கையைத் தூக்காமலே அவர் பக்கம் திரும்பி லேசா சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டாவது மூவ்மென்ட்.

எங்க உக்காரணும்? மேடையைப் பாத்து இடது பக்கம். அங்கயிருந்துதான் கட்டையும் கையும் தெரியும். இன்னொண்ணு, வலது கால் பெடலைப் பாருங்க. சர்ச்ல கல் சுவர், உயரமான கூரை. ஒரு சத்தம் எழும்பினா அடங்க நேரம் ஆகும். வேகமா வாசிச்சா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கஞ்சி மாதிரி குழைஞ்சிடும். அதனால பெடலை வழக்கத்தைவிடக் கம்மியா மிதிக்கணும். ஹைடனோட கடைசி மூவ்மென்ட் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி ஆரம்பிக்கும், ஓடும், திடீர்னு நிக்கும். கேக்கிறவங்களைச் சீண்டுற மாதிரி. அப்படி நிக்கிற ஒவ்வொரு தடவையும் அவங்க கையைக் காத்துல வெச்சுக்கிட்டு, கூரையில சத்தம் அடங்குற வரைக்கும் காத்திருந்தாங்க. ஸ்பாட்டிஃபைல இந்த உருப்படியைப் பல தடவை கேட்டிருக்கேன். அந்தக் காத்திருப்பு அதுல இல்ல. அது அந்தக் கட்டடத்துக்காக அன்னிக்கு எடுத்த முடிவு.

இன்னொரு விஷயம். வயலின்காரங்க தங்களோட வயலினைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. பியானோக்காரங்களால அது முடியாது. பெரிய கச்சேரி பியானோ ஒண்ணு அரை டன் எடை. எந்த ஊருக்குப் போனாலும் அங்க எது இருக்கோ அதுலதான் வாசிக்கணும். கச்சேரிக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கிடைக்கும். அதுக்குள்ள 88 கட்டையில எது கனமா இருக்கு, எது கத்துதுன்னு கண்டுபிடிச்சுக்கணும்.

அடுத்தது பீத்தோவனோட ஓபஸ் 109. 1820ல எழுதினது. அப்போ அவருக்குக் கிட்டத்தட்டக் காதே கேக்காது. முதல் ரெண்டு மூவ்மென்டும் சின்னது, ஏழு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். மூணாவதுதான் விஷயம். மெதுவா, ஒருத்தர் தனக்குள்ள பாடிக்கிற மாதிரி ஒரு மெட்டு. அதை எடுத்து ஆறு விதமா மாத்தி மாத்தி வாசிப்பாங்க, இதுக்கு வேரியேஷன்னு பேர். ஒண்ணு கொஞ்சலா இருக்கும், ஒண்ணு ரெண்டு கையும் துரத்திப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஆறாவதுல சுரம் மேல சுரம் நெருங்கி நெருங்கி, கடைசியில கை அதிர்ந்துகிட்டே இருக்கும். அது அடங்கின பிறகு, ஆரம்பத்துல வந்த அதே மெட்டு, எந்த அலங்காரமும் இல்லாம திரும்ப வரும். புதுசா கேக்கிறவங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அந்த முதல் மெட்டை மட்டும் மனசுல பிடிச்சு வெச்சுக்கோங்க. கடைசியில அது வரும்போது உங்களுக்கே தெரியும். வேற எந்தப் பாடமும் தேவையில்ல.

அந்த மெட்டு ஆரம்பிச்சப்போ வெளியில ஆம்புலன்ஸ் சைரன். லண்டன் சைரன், காது கிழியும். அவங்க நிறுத்தல, சத்தத்தைக் கூட்டவும் இல்ல. இன்னும் மெதுவா வாசிச்சாங்க. 60 பேரும் தானா முன்னாடி சாஞ்சோம். கடைசியில அந்த மெட்டு திரும்ப வந்து நின்னப்போ கொஞ்ச நேரம் யாரும் தட்டல. முதல்ல தட்டினது பின் வரிசை. மஞ்சள் ஜாக்கெட்.

தட்டுல விழுறது யாருக்கு?

கச்சேரி முடிஞ்சு பின்னாடி டீ கொடுத்தாங்க. அந்தக் கலைஞர் கோட்டை மாட்டிக்கிட்டு, பையை முதுகுல போட்டுக்கிட்டு வந்தாங்க. நல்லா இருந்ததுன்னு சொன்னேன். பேச்சு வளர்ந்தது.

ஓபஸ் 109ஐ வெளி ஆளுங்க முன்னாடி வாசிக்கிறது அன்னிக்குத்தான் அவங்களுக்கு முதல் தடவை. அந்த வெள்ளிக்கிழமை ஒரு ஆடிஷன். அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது ஜனங்க முன்னாடி வாசிச்சாகணும்னுதான் இந்தத் தேதியைக் கேட்டு வாங்கியிருக்காங்க.

"ரூம்ல எத்தனையோ தடவை வாசிச்சாச்சு. ஆனா ரூம்ல தப்பு வந்தா நிறுத்திடலாம். இங்க நிறுத்த முடியாது. மூணாவது வேரியேஷன்ல என் இடது கை ஒரு இடத்துல வழி தவறிப் போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். "தெரிஞ்சிருக்காது. ஆனா எனக்குத் தெரியும். அந்த இடத்துல எப்படி மீண்டு வரணும்னு இப்ப என் கைக்குத் தெரியும். ரூம்ல அதைக் கத்துக்க முடியாது. அதுக்கு ஆள் வேணும்."

இதுதான் இந்த மதிய மேடைகள் ஒரு இளம் கலைஞருக்குக் கொடுக்கிற பெரிய விஷயம். நாம சும்மா உக்காந்திருக்கோம்னு நினைக்கிறோம். உண்மையில நம்ம முன்னாடி வாசிக்கும்போதுதான் அந்த உருப்படி அவங்க கைக்கு முழுசா வருது.

அப்புறம் காசைப் பத்திக் கேட்டேன். கேக்கலாமான்னு கேட்டுட்டுத்தான் கேட்டேன். அந்த வருஷத்துல இந்த மாதிரி ஒன்பது கச்சேரி வாசிச்சிருக்காங்க. ரெண்டு இடத்துல பணம் கொடுத்தாங்களாம். மத்த ஏழு இடத்துல? "டீ. ஒரு இடத்துல கேக்கும்"னு சிரிச்சாங்க. அன்னிக்கு ரயிலுக்கு 18 பவுண்டு, கைக்காசு. வாசல்ல தட்டு வெச்சிருந்தாங்க இல்லையா, அதுல விழுறது கட்டடப் பராமரிப்புக்கு. அதை முன்னாடியே அவங்ககிட்ட சொல்லித்தான் தேதி கொடுத்திருக்காங்க. ஏமாத்தல. ஆனா தட்டுல போட்ட நாங்க பாதிப் பேர், அது அந்தப் பொண்ணுக்குப் போகுதுன்னுதான் நினைச்சிருப்போம்.

சர்ச் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். முந்நூறு வருஷக் கட்டடம், கூரை ஒழுகும், குளிர்காலத்துல சூடு பண்ணணும், பியானோவுக்கு ட்யூனிங் பண்ணணும். டீ ஊத்தினவங்க, போர்டை வெளியில வெச்சவங்க எல்லாரும் சம்பளம் இல்லாம வந்தவங்கதான். அவங்க அந்தக் கதவைத் திறக்கலைன்னா அந்த மேடையே இல்ல. அதனாலதான் எந்த சர்ச்னு சொல்லல. ஒரு இடத்தைக் குத்தம் சொல்லி முடிச்சுக்கிற கதை இல்ல இது.

ஆனா அவங்க அடுத்து சொன்னதுதான் இந்த எபிசோடே.

"என்கூட படிச்ச ஒரு பையன் இருக்கான். என்னைவிட நல்லா வாசிப்பான், இது அடக்கத்துக்குச் சொல்றது இல்ல, எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் அவன் இந்த மதியக் கச்சேரியை எல்லாம் விட்டுட்டான். மதியம் ஒரு ஷிஃப்ட் வேலைக்குப் போனா சம்பளம் வரும். இங்க வந்தா ரயிலுக்குச் செலவு ஆகும். அவன் போய்த்தான் ஆகணும், வாடகை கட்டணும். மேடை இல்லாம நேரா ஆடிஷனுக்குப் போனான். கை நடுங்கிப் போச்சு. இப்ப ஆடிஷனுக்கும் போறதில்ல. எனக்கு வாடகையை எங்க அப்பா அம்மா கட்டுறாங்க. நான் இன்னிக்கு இங்க வாசிச்சதுக்குக் காரணம் அதுதான்."

இதை அவங்க கோபமா சொல்லல. கணக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க.

இப்ப நம்ம ரெண்டாவது கேள்விக்கு வருவோம். இலவசக் கச்சேரிக்கு யார் காசு கொடுக்கிறாங்க? பல நேரம், வாசிக்கிறவங்க கொடுக்கிறாங்க. இன்னும் சரியா சொன்னா, அவங்க வீடு கொடுக்குது. வீட்டால கொடுக்க முடியாதவங்க மெதுவா கழண்டுக்கிறாங்க. அவங்க போனது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. வராத ஆளை யார் தேடப் போறாங்க? அடுத்த செவ்வாய்க்கிழமை வேற ஒருத்தர் வந்து வாசிப்பாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

கேக்கிறவங்களுக்கு எந்தத் தடையும் இல்லாமப் பண்ணியாச்சு. அது பெரிய விஷயம், அதை நான் குறைச்சுப் பேசல. மஞ்சள் ஜாக்கெட் அண்ணன் சாயங்கால அரங்கத்துல 40 பவுண்டு கொடுத்து வந்திருப்பாரான்னு தெரியாது. ஆனா அந்தத் தடை எங்கயும் போயிடல. வாசிக்கிறவங்க பக்கம் நகர்ந்திருக்கு. 1939ல மைரா ஹெஸ் போட்ட கணக்குல ரெண்டு பக்கமும் இருந்தது. டிக்கெட் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது, அதே நேரம் வாசிக்கிறவர் கூலி இல்லாம வீட்டுக்குப் போகக் கூடாது. குண்டு விழுந்துகிட்டு இருந்த ஊர்லயே அது முடிஞ்சது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

முதல்ல, போங்க. ஆள் இல்லாத கச்சேரியால யாருக்கும் லாபம் இல்ல. 60 பேர் 100 பேர் ஆனாத்தான் நடத்துறவங்களும் கலைஞருக்கு ஏதாவது கொடுக்கணும்னு யோசிப்பாங்க.

ரெண்டாவது, வாசல்ல தட்டோ கார்டு மெஷினோ இருந்தா, இது கலைஞருக்குப் போகுதான்னு மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க. சண்டை வேணாம். நான் இப்ப எல்லா இடத்துலயும் கேக்கிறேன். சில இடத்துல பாதிக்குப் பாதின்னு சொல்றாங்க, சில இடத்துல முழுசா கலைஞருக்கேன்னு சொல்றாங்க. ஒரு இடத்துல, இதுவரைக்கும் யாரும் கேக்கலையேன்னு சொல்லிட்டு, அடுத்த தடவை ரெண்டு தட்டு வெச்சிருந்தாங்க. ஒண்ணு கட்டடத்துக்கு, ஒண்ணு வாசிக்கிறவங்களுக்கு.

எவ்வளவு போடுறது? லண்டன்ல ஒரு காபி 4 பவுண்டு அளவுக்கு ஆகுது. 60 பேர் ஆளுக்கு ஒரு காபிக் காசு போட்டா 240 பவுண்டு. ரயில் செலவு போக நல்லாவே மிச்சம் இருக்கும். 105 ஷில்லிங் கணக்கு ஞாபகம் இருக்கா? அதே கணக்குதான், கொஞ்சம் பேர் கம்மி. கையில இல்லாதவங்க போட வேணாம், கூச்சப்படவும் வேணாம். அதுக்காகத்தான் கதவு திறந்திருக்கு. இருக்கிறவங்க போட்டா போதும்.

மூணாவது, பிடிச்சிருந்தா அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. சூப்பர்னு மட்டும் சொல்லாம, எந்த இடம் பிடிச்சதுன்னு சொல்லுங்க. ஹைடன்ல நிறுத்தி நிறுத்தி வாசிச்ச இடம்னு நான் சொன்னப்போ, அந்தக் கட்டடத்துக்காகத்தான் அப்படிக் காத்திருந்தேன்னு அவங்க ஒரு பத்து நிமிஷம் விளக்கினாங்க. பேர் போட்ட தாளைப் பத்திரமா வெச்சுக்கோங்க. அவங்க என்னிக்காவது டிக்கெட் போட்டு ஒரு கச்சேரி வெச்சா, அதுக்கு டிக்கெட் வாங்குங்க.

அந்த வெள்ளிக்கிழமை ஆடிஷன் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கிடைக்கல. கடைசிச் சுற்று வரைக்கும் போனாங்க. மூணாவது வேரியேஷன் தப்பில்லாம வந்ததுன்னு மெசேஜ் போட்டிருந்தாங்க. கோடையில இன்னும் ரெண்டு மதியக் கச்சேரி ஒத்துக்கிட்டிருக்காங்க. அதுல ஒண்ணுக்குக் காசு உண்டு.

உங்க ஊர்ல இந்த மாதிரி இலவசமா நடக்கிற கச்சேரி எதுவா இருந்தாலும், பியானோவா இருக்கணும்னு இல்ல, ஒரு தடவை போய்ட்டு வந்து, வாசிச்சவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. நல்ல ஏற்பாடு எங்க இருக்குன்னு தெரிஞ்சா, அதை வெச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம்.

அடுத்த வாரம் பாக்கலாம்.